சாலை ஊருக்கு, விலை யாருக்கு?

ஒரு பழைய கடைவீடு. அதன் உரிமையாளர் இருபது ஆண்டுகளாக அதற்குச் சுண்ணாம்புகூட அடித்ததில்லை. ஒருநாள், தெருமுனையில் பெருவிரைவு ரயில் நிலையம் வரப்போகிறது என்று அரசாங்கம் அறிவிக்கிறது. மறுவாரமே தரகர்கள் படியேறி வருகிறார்கள். கட்டடம் அதே கட்டடம். கூரை அதே ஒழுகும் கூரை. விலை மட்டும் பழைய விலையாக இல்லை.

அந்தக் கூடுதல் விலையை உண்டாக்கியவர் யார்? உரிமையாளர் அல்லர். அவர் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. தேக்காவில் கடை வைத்திருப்பவரும், உட்லண்ட்சிலிருந்து வேலைக்குப் போகிறவரும், ஈசூனில் குடியிருப்பவரும் கட்டிய வரிப்பணத்தில்தான் சுரங்கம் தோண்டப்படுகிறது, தண்டவாளம் போடப்படுகிறது. 2003 ஜூன் 20ஆம் தேதி வடக்கு கிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்டு, லிட்டில் இந்தியாவிலும் ஃபேரர் பார்க்கிலும் ரயில் நிற்கத் தொடங்கியபோது, சிராங்கூன் சாலை வட்டாரத்துக்குக் கிடைத்த வசதி ஊரார் எல்லோரும் சேர்ந்து கொடுத்த வசதி.

அப்படியானால் அந்த வசதியால் ஏறிய நில விலையில் ஊருக்குப் பங்கு உண்டா? உண்டு என்றால் எவ்வளவு? அதை எப்போது, யாரிடம் வாங்குவது? கேட்பதற்கு எளிய இந்தக் கேள்வி பிரிட்டனில் அரசாங்கத்தையே உலுக்கியிருக்கிறது. அங்கே பலமுறை தோற்றுப்போன ஒரு யோசனை, சிங்கப்பூரில் அறுபது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அது எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் லண்டன் வரை போய்வர வேண்டும்.

பிரபுக்கள் சபையில் எழுந்த புயல்

உழைப்பில்லாமல் நிலத்தின் விலை ஏறுகிறது என்பதை முதலில் பொருளாதார அறிஞர்கள்தாம் உரக்கச் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் ரயில் பாதைகள் நீண்டன, ஆலைகள் பெருகின, நகரங்கள் வீங்கின. நேற்று வரை கோதுமை விளைந்த வயல் இன்று வீட்டுமனை. இந்த உயர்வில் ஒரு பகுதியை வரியாக எடுத்துக்கொள்வது நியாயம் என்று ஜான் ஸ்டுவர்ட் மில் வாதிட்டார். அமெரிக்காவில் ஹென்றி ஜார்ஜ் இன்னும் ஒரு படி மேலே போய், நிலத்தின் மீதான வரி ஒன்றே போதும் என்று 1879இல் வெளியான தம் நூலில் எழுதினார்.

ஏட்டில் இருந்த கருத்தைச் சட்டமாக்க முயன்றவர் லாய்ட் ஜார்ஜ். நிதியமைச்சராக இருந்த அவர் 1909ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், நில மதிப்பு உயர்வுக்கு 20 விழுக்காடு வரி என்று அறிவித்தார். முதியோர் ஓய்வூதியத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் பணம் தேவைப்பட்ட காலம் அது. பிரபுக்கள் சபையில் அமர்ந்திருந்தவர்களில் பலர் பெரும் நிலக்கிழார்கள். அவர்கள் அந்த வரவுசெலவுத் திட்டத்தையே நிராகரித்தார்கள். நாடு தேர்தலைச் சந்தித்தது. அடுத்த ஆண்டு திட்டம் நிறைவேறியது. 1911இல் பிரபுக்கள் சபையின் அதிகாரமே சட்டத்தால் குறைக்கப்பட்டது.

இவ்வளவு போராடிப் பெற்ற வரி என்ன ஆயிற்று? நாடு முழுவதும் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் மதிப்பிட வேண்டியிருந்தது. அதற்கு ஆன செலவு பெரிது. வசூலான தொகை சிறிது. 1920இல் அந்த வரியே நீக்கப்பட்டது.

இன்னொரு வழியும் அதே காலத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. நகரத் திட்டத்தால் நிலத்தின் மதிப்பு உயர்ந்தால், அந்த உயர்வில் பாதியை உள்ளாட்சி மன்றம் வாங்கிக்கொள்ளலாம் என்றது 1909ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டம். 1932இல் அது முக்கால் பங்காக உயர்த்தப்பட்டது. ஆனால், 'இந்த உயர்வு உங்கள் திட்டத்தால் வந்ததல்ல, தானாகவே வந்தது' என்று உரிமையாளர் சொன்னால், அதை மறுத்து நிரூபிப்பது யாருக்கும் எளிதாக இல்லை. சட்டம் இருந்தது, காசு வரவில்லை.

முழுவதையும் எடுத்தபோது

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து நகரங்கள் சிதைந்தன. அவற்றைத் திரும்பக் கட்ட வேண்டும். போருக்குப் பிந்திய தொழிற்கட்சி அரசாங்கம் 1947இல் ஒரு பெரிய சட்டத்தைக் கொண்டுவந்தது. அதை முன்னின்று நடத்தியவர் அமைச்சர் லூயிஸ் சில்கின். நிலம் உரிமையாளரிடமே இருக்கும். ஆனால் அந்த நிலத்தில் புதிதாகக் கட்டும் உரிமை இனி நாட்டுக்குச் சொந்தம் என்றது அந்தச் சட்டம். கட்ட அனுமதி கேட்பவர், அந்த அனுமதியால் நிலத்துக்கு ஏறும் மதிப்பு முழுவதையும், நூற்றுக்கு நூறு, கட்டணமாகச் செலுத்த வேண்டும். உரிமையை இழந்தவர்களுக்கு ஈடு செய்ய 30 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. 1948 ஜூலை 1ஆம் தேதி இது நடைமுறைக்கு வந்தது.

கணக்குப்படி இது நியாயமாகத்தான் தெரிந்தது. உயர்வு முழுவதும் ஊரால் வந்தது. ஊரே முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நிலம் வைத்திருந்தவர் எப்படி யோசித்தார்? விற்றால் வயலுக்கான விலைதான் கிடைக்கும். விற்காமல் வைத்திருந்தாலும் நட்டமில்லை. பிறகு ஏன் விற்க வேண்டும்? நிலம் சந்தைக்கு வரவில்லை. வீடு கட்டியே ஆக வேண்டியவர்கள் உரிமையாளர் கேட்ட விலையையும் கொடுத்து, அரசாங்கத்துக்குக் கட்டணத்தையும் கட்டினார்கள். உரிமையாளர் சுமக்க வேண்டிய பாரம் வீடு தேடியவர் தலையில் இறங்கியது.

1951இல் ஆட்சிக்கு வந்த கன்சர்வேட்டிவ் கட்சி, ஆண்டுக்கு மூன்று லட்சம் வீடுகள் கட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தது. வீடமைப்பு அமைச்சர் ஹெரால்ட் மெக்மில்லன் அந்தக் கட்டணத்தை 1953இல் ஒழித்தார். 1967இல் தொழிற்கட்சி 40 விழுக்காட்டுத் தீர்வையாக அதை மீண்டும் கொண்டுவந்தது. அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் ஆட்சி அதை நீக்கியது. 1976இல் மூன்றாவது முயற்சி. 1985இல் அதுவும் நீங்கியது.

நிலம் வைத்திருப்பவர் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார். 'கொஞ்சம் பொறு, ஆட்சி மாறும், வரி போகும்' என்பதே அந்தப் பாடம். கட்டணம் நிலைக்காது என்று தெரிந்தால், நிலமும் நகராது.

தீயும் குடிசைகளும்

இனி சிங்கப்பூர். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இங்கே நிலம் 999 ஆண்டுக் குத்தகையாகவும் நிரந்தர உரிமையாகவும் தாராளமாக வழங்கப்பட்டது. கொடுத்த பிறகு, அதன் விலை உயர்வில் அரசாங்கத்துக்குப் பங்கு கேட்க வழியில்லை. நகரத்தின் நடுப்பகுதியில் கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. ஒரே அறையைத் தட்டிகளால் தடுத்துப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. காற்றும் வெளிச்சமும் புகாத அந்த அறைகளில் காசநோய் குடிகொண்டது. 1907இல் பேராசிரியர் சிம்சனின் சுகாதார அறிக்கை, வீடுகளின் பின்புறம் சந்துகள் வெட்ட வேண்டும் என்று சொன்னது.

அந்த வேலைக்காக 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. தியோங் பாரு அடுக்குமாடிகள் அது விட்டுச் சென்ற நல்ல நினைவு. ஆனால் அதன் கையில் பணமும் குறைவு, அதிகாரமும் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து அது கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகள். 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ மக்கள்தொகை 14 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்தது. அத்தாப்புக் கூரைகள் ஒன்றிலிருந்து ஒன்று பற்றின. ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். அந்தச் சாம்பலில் நிலக் கணக்கின் கொடுமை ஒன்று வெளிப்பட்டது. குடிசைகள் நிறைந்த நிலத்தைக் காலி செய்வது கடினம் என்பதால் அதற்கு விலை குறைவு. தீ வந்து குடிசைகளைத் துடைத்துவிட்டால், அதே நிலம் காலி மனை. விலை பல மடங்கு. வீடிழந்தவர் தெருவில் நிற்க, நிலக்காரருக்கு ஆதாயம்! இதை அனுமதித்தால் தீயே தொழிலாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. நிலம் கையகப்படுத்தும் சட்டம் திருத்தப்பட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்த இடத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது.

1964இல் பிரதமர் லீ குவான் இயூ சட்டமன்றத்தில் இரண்டு கொள்கைகளைத் தெளிவாக வைத்தார். பொதுச்செலவில் நடந்த வளர்ச்சியால் எந்த நிலக்காரரும் ஆதாயம் அடையக்கூடாது என்பது ஒன்று. பொதுத் தேவைக்காக நிலத்தை எடுக்கும்போது, அரசாங்கம் அந்த வட்டாரத்தை வளர்க்காமல் இருந்திருந்தால் என்ன விலை பெறுமோ அதற்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது மற்றொன்று.

இந்த எண்ணத்திலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று, 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1960இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசாங்கத்திடம் இருந்தது; 1985இல் அது 76 விழுக்காடாயிற்று. மற்றொன்று, தனியாரிடமே இருந்த நிலத்துக்கானது. லண்டனின் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து அங்கேயே செத்துப்போன மேம்பாட்டுக் கட்டணம், 1964ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத் திருத்தத்தின் வழி சிங்கப்பூரில் மறுபிறவி எடுத்தது.

எழுபதும் ஐம்பதும்

இந்தக் கட்டணம் எப்படி வேலை செய்கிறது? ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். இரண்டு மாடிக்கு அனுமதி உள்ள ஒரு நிலம் ஒரு கோடி வெள்ளி பெறும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பத்து மாடி கட்ட அனுமதி கிடைத்தால் அதே நிலம் ஒரு கோடியே அறுபது லட்சம் வெள்ளி பெறும். அனுமதிக் கடிதம் ஒன்றால் வந்த உயர்வு அறுபது லட்சம். அதில் 70 விழுக்காடு கட்டணம் என்றால், 42 லட்சம் பொதுப்பணத்துக்கு. 18 லட்சம் உரிமையாளருக்கு.

நூற்றுக்கு நூறு அல்ல என்பதுதான் இங்கே முக்கியம். உரிமையாளருக்கும் கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆகவே நிலத்தைப் பூட்டி வைக்காமல் விற்கிறார், அல்லது கட்டுகிறார். லண்டனில் முழுவதையும் கேட்டு, கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் போன கதை இங்கே திரும்ப நடக்கவில்லை.

அந்த 70 விழுக்காடும் கல்லில் செதுக்கிய எண் அல்ல. 1985இல் பொருளாதாரம் மந்தமானது. சொத்துச் சந்தை படுத்துவிட்டது. கட்டணம் 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் காற்று திசை மாறியது. பழைய கூட்டுரிமைக் குடியிருப்புகள் ஒட்டுமொத்த விற்பனையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. 2007 ஜூலையில் கட்டணம் மீண்டும் 70 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

விகிதத்தைவிடவும் பெரிய மாற்றம் ஒன்று 1989இல் வந்தது. அதற்கு முன்பு, ஏறிய மதிப்பு எவ்வளவு என்பதில் இழுபறிக்கு இடமிருந்தது. 1909இல் லண்டனை அலைக்கழித்த அதே தலைவலி! 1989 செப்டம்பரிலிருந்து அட்டவணை முறை நடைமுறைக்கு வந்தது. தீவு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றின் எண்ணிக்கை இன்று 118. தரைவீடு, அடுக்குமாடி வீடு, கடை, ஹோட்டல், தொழிற்சாலை என்று நிலப் பயன்பாட்டுக்கு ஏற்ப, ஒவ்வொரு வட்டாரத்திலும் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விலை குறிக்கப்பட்டது. தலைமை மதிப்பீட்டாளரின் கருத்தைக் கேட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச் 1ஆம் தேதியும் செப்டம்பர் 1ஆம் தேதியும் அட்டவணை திருத்தப்படுகிறது. ஒரு வட்டாரத்தில் ரயில் வந்து நில விலை ஏறினால், அந்த வட்டாரத்தின் கட்டணமும் அடுத்த திருத்தத்தில் ஏறுகிறது. இப்படித்தான் ரயில் கொடுத்த விலையில் ஒரு பகுதி பொதுப்பணத்துக்குத் திரும்புகிறது.

அட்டவணை முன்கூட்டியே தெரிவதில் இன்னொரு நன்மை மறைந்திருக்கிறது. 'கட்டணத்தைக் கட்டுமான நிறுவனம் வீட்டு விலையில் ஏற்றிவிடாதா? கடைசியில் கட்டுவது வீடு வாங்குகிற இளம் தம்பதிதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் வீட்டு விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. பக்கத்துக் குடியிருப்பைவிட அதிக விலை சொன்னால் வாங்குவாரில்லை. எனவே நிறுவனம் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறது. வீடுகள் விற்று வரும் தொகை இவ்வளவு, கட்டுமானச் செலவு இவ்வளவு, கட்டணம் இவ்வளவு, இலாபம் இவ்வளவு, மீதி எவ்வளவோ அதுதான் நிலத்துக்குக் கொடுக்கக்கூடிய விலை. கட்டணம் முதலிலேயே தெரிந்திருந்தால், அது நிலக்காரருக்குப் போகும் தொகையில்தான் பெரும்பாலும் கழிகிறது. நிலத்தை வாங்கிய பிறகு திடீரென்று கட்டணம் ஏறினால்தான் அந்தக் கணக்கு உடைகிறது. ஆகவே, கட்டணம் எவ்வளவு என்பதைவிட, அது எப்போது தெரிகிறது என்பது சில வேளைகளில் அதிக முக்கியம்.

2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பழைய மேம்பாட்டுக் கட்டணமும், அரசாங்கக் குத்தகை நிலங்களின் பயன்பாட்டை மாற்றும்போது வாங்கப்பட்ட கூடுதல் தொகையும் ஒன்றாக்கப்பட்டன. நில மதிப்பு உயர்வுக் கட்டணம் என்ற புதிய பெயரில் சிங்கப்பூர் நில ஆணையம் அதை வசூலிக்கிறது. பெயர் மாறியது, 1964ஆம் ஆண்டின் எண்ணம் மாறவில்லை.

பிரிட்டனில் நிலைக்காதது இங்கே நிலைத்ததற்கு, விகிதமும் அட்டவணையும் மட்டும் காரணம் அல்ல. 1959 முதல் ஒரே கட்சி ஆட்சியில் இருக்கிறது. 'ஆட்சி மாறட்டும்' என்று நிலத்தைப் பூட்டி வைத்துக் காத்திருக்க இங்கே யாருக்கும் வழியில்லை. அதோடு, பெரும்பகுதி நிலம் அரசாங்கத்திடமே இருக்கும் தீவு இது. இன்னொரு நாடு இந்த முறையை அப்படியே எடுத்துச் சென்று நட்டால் அது வேர்பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

உண்டியலும் பொதுப்பெட்டியும்

வசூலான பணம் எங்கே போகிறது? சிங்கப்பூரில் அரசாங்க நில விற்பனையால் வரும் தொகை நாட்டின் நிதி இருப்பில் சேர்கிறது. அரசாங்கம் அதை நேரடியாகச் செலவிட முடியாது. நில மதிப்பு உயர்வுக் கட்டணமோ மற்ற வரிகளைப் போல ஆண்டு வருமானத்தில் சேர்கிறது. அதிலிருந்து பள்ளிக்கும் செலவாகலாம், ரயிலுக்கும் செலவாகலாம். இது பொதுப்பெட்டி.

லண்டன் பின்னாளில் வேறு வழியை எடுத்தது. நகரத்தைக் குறுக்காகக் கடக்கும் எலிசபெத் ரயில் பாதைக்காக, 2012 முதல் லண்டனில் எழும் புதிய கட்டடங்களிடமிருந்து, கட்டும் பரப்புக்கு ஏற்ப ஒரு கட்டணம் வசூலிக்கப்பட்டது. பெரிய வணிகக் கட்டடங்களின் மீதும் தனித் தீர்வை விதிக்கப்பட்டது. 2022 மே 24ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கியது. இது உண்டியல், எதற்காகப் போட்டோமோ அதற்காகவே திறப்பது. மூன்று முறை பெரிய வரியாக வந்து தோற்ற எண்ணம், ஒரு குறிப்பிட்ட ரயிலுக்கான சிறிய கட்டணமாக வந்தபோது நிலைத்தது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் கொடுப்பவர் மனமும் இளகும் போலிருக்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவிலும் இதே குடும்பத்துச் சட்டங்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவுக்கான 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் மேம்பாட்டுக் கட்டணம் இருக்கிறது. கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. சாலை, வடிகால் போன்றவற்றைச் சீராக்குவதற்கான நிதிக்குக் கட்டுமான நிறுவனங்கள் பணம் செலுத்த 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் வகை செய்கிறது. அங்கே நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. எனவே விவசாய நிலம் வீட்டு நிலமாக மாறும்போது செலுத்தும் தொகை மாநில அரசாங்கத்துக்கும், மேம்பாட்டுக் கட்டணம் உள்ளாட்சி மன்றத்துக்கும் போகின்றன.

கணக்கில் வராதவர்கள்

விவசாய நிலம் வீட்டு நிலமாவது என்றால், மலேசியத் தமிழருக்கு அதன் பொருள் உடனே விளங்கும். அது பால்மரக் காடு பட்டணமாவது. பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்ஹாம் தோட்டத்தில் எழுந்த நகரம். ஷா ஆலம் சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல் எழுந்தது. 1995இல் வேலை தொடங்கிய புத்ராஜெயா, பிராங் புசார் உள்ளிட்ட தோட்டங்கள் இருந்த மண்.

காட்டை அழித்து, மலேரியாவில் மடிந்து, அந்த மண்ணைப் பயன்படும் மண்ணாக மாற்றியவர்கள் லயங்களில் வாழ்ந்த தொழிலாளர்கள். நிலம் கைமாறியபோது மாநிலத்துக்கு ஒரு தொகை, உள்ளாட்சிக்கு ஒரு தொகை, தோட்ட நிறுவனத்துக்குப் பெருந்தொகை. மூன்று தலைமுறை அங்கே பால் வெட்டியவருக்கோ அந்தக் கணக்கில் வரியே இல்லை. அவர் நிலத்தின் உரிமையாளர் அல்லர். வேலை போன அன்றே வீடும் போயிற்று.

இதை முன்பே உணர்ந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி போட்டுப் பங்கு சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. நிலம் யார் பேரில் இருக்கிறதோ, அதன் உயர்வும் அவருக்கே என்ற கடினமான உண்மையை, சட்டத்தோடு வாதாடாமல், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தாண்ட முயன்ற முயற்சி அது.

சிங்கப்பூரிலும் கணக்கில் விடுபட்டவர்கள் உண்டு. நிலம் கையகப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் சந்தை விலை கிடைக்கவில்லை. 1973 நவம்பர் 30ஆம் தேதி விலையையோ, எடுக்கும் நாளின் விலையையோ, எது குறைவோ அதைத்தான் சட்டம் கொடுத்தது. அந்தத் தேதி பின்னர் சில முறை நகர்த்தப்பட்டாலும், முழுச் சந்தை விலை என்ற உரிமை 2007இல்தான் வந்தது. பெரும் நிலக்கிழாரை நினைத்து எழுதிய விதி, ஒரே ஒரு வீடு வைத்திருந்தவரையும் அதே தராசில் நிறுத்தியது.

மீண்டும் சிராங்கூன் சாலைக்கு வருவோம். லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கடைவீட்டை இடித்துவிட்டுப் பத்து மாடி எழுப்ப முடியாது. கூடுதலாகக் கட்டாதவரிடம், பயன்பாட்டை மாற்றாதவரிடம், இந்தக் கட்டணம் வாங்கப்படுவதில்லை. ஆண்டு மதிப்பின்படி சொத்து வரி மட்டுமே. ஆக, ரயில் கொடுத்த விலையில் பெரும்பகுதி உரிமையாளரிடமே தங்குகிறது. கீழ்த்தளத்தில் மாலை கட்டி விற்பவருக்கும், மளிகைக் கடை நடத்துபவருக்கும் அதே ரயில் வேறொரு வடிவத்தில் வந்து சேரலாம்: ஏறிய வாடகையாக. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001இல் முற்றாக நீங்கிவிட்டது. ரயில் அவருக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. அந்த வருமானத்தில் எவ்வளவு அவர் கையில் தங்கும் என்பதை வாடகை ஒப்பந்தம் முடிவு செய்கிறது.

நூறாண்டுக்கும் மேற்பட்ட இந்த வரலாறு சில பாடங்களைத் தெளிவாகவே சொல்கிறது. ஊரால் ஏறிய விலையில் ஊருக்குப் பங்கு கேட்பது அநியாயம் அல்ல. முழுவதையும் கேட்டால் எதுவும் கிடைக்காது. எவ்வளவு என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சொன்னதில் நிலையாக நிற்க வேண்டும்.

ஆனால் இந்த ஏற்பாடுகளில் பணத்தைக் கொடுக்கவும் வாங்கவும் இருவர்தாம் உட்கார்ந்திருக்கிறார்கள்: அரசாங்கமும் நிலக்காரரும். வாடகைக்குக் கடை நடத்துபவருக்கும், லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கும் அந்த மேசையில் நாற்காலி போடப்படவில்லை. புதிய ரயில் பாதைக்கும் புதிய நகரத்துக்கும் திட்டம் வரையும்போது, அங்கே ஏற்கெனவே இருப்பவர் தொடர்ந்து இருப்பதற்கான செலவையும் அந்தக் கட்டணத்தில் ஒரு வரியாக எழுதலாம். 'சாலை ஊருக்கு' என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஊர் என்ற சொல்லில் யார் யார் அடக்கம் என்பதுதான் இன்னும் முடியாத கணக்கு.